வெள்ளைக்காரன் போட்ட எல்லைகளை ஆபிரிக்க நாடுகள் ஏன் அழிக்கவில்லை?

ஹட்டன் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். போன வாரம் ஆபிரிக்க வரைபடத்தைக் கரும்பலகையில் மாட்டியிருந்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் தன் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாள். கோடு அப்படியே பொருந்தியது. "டீச்சர், இது அங்கே இருக்கிற ஆளைக் கேட்டுப் போட்ட எல்லை இல்லையே" என்றாள்.

அப்புறம் வகுப்பே கேட்கத் தொடங்கிவிட்டது. சுதந்திரம் கிடைத்ததும் இதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கலாமே? ஏன் அதே கோட்டுக்காக அடித்துக்கொள்கிறார்கள்? அதுவும் வெள்ளைக்காரன் எழுதிய ஒப்பந்தத்தையே தூக்கிக்கொண்டு ஏன் கோர்ட்டுக்குப் போகிறார்கள்? பெர்லின் மாநாட்டைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கொட்டகலை ராஜா:

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை டீச்சர். ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் உட்கார்ந்து, ஒரு ஆபிரிக்கரைக்கூடக் கேட்காமல், கண்டத்தையே பங்கு போட்டார்கள். அண்ணன் ஒரு நாட்டில், தம்பி இன்னொரு நாட்டில். இன்று நடக்கிற அத்தனை சண்டைக்கும் வேர் அங்கேதான்.

பழைய சங்கிலி:

டீச்சர், நான் ஹப்புத்தளைப் பக்கம். நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்வேயர் ஐயாமாருக்குப் பின்னால் சங்கிலி இழுத்து, தியோடலைட் தூக்கி, இந்த மலையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறேன். எந்த நாட்டு எல்லை வழக்கு என்றாலும் தேடிப் படிக்கும் ஆசை அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜா தம்பி சொன்னதில் பாதி சரி. மாநாடு 1884 நவம்பரில் தொடங்கி 1885 பெப்ரவரியில் முடிந்தது. ஆபிரிக்கர் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் இன்றைய வரைபடத்தை அங்கே வரையவில்லை. கொங்கோ, நைகர் ஆறுகளில் யார் கப்பல் விடலாம், கரையோரத்தில் புதிதாக இடம் பிடிக்கிறவர் மற்ற நாடுகளுக்கு எப்படி அறிவிக்க வேண்டும் என்ற மாதிரி விதிகளைத்தான் எழுதினார்கள். கோடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, இரண்டு இரண்டு நாடாகப் பேசிப் போட்ட ஒப்பந்தங்களில் வந்தவை. பிரித்தானியாவும் ஜெர்மனியும் 1890இல் ஒன்று, 1913இல் இன்னொன்று. இத்தாலியும் எத்தியோப்பியாவும் 1900, 1902, 1908இல். இன்றைய வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிடப்பது இந்தக் காகிதங்கள்தான்.

உங்கள் மாணவி அடிமட்டம் வைத்தது நல்ல இடம். 1899இல் பிரித்தானியாவும் எகிப்தும் 22ஆம் அகலக்கோட்டை எல்லையாக எழுதின. 1902இல் நிர்வாகத்துக்காக இன்னொரு கோடு போட்டார்கள். ஆடு மாடு ஒட்டகம் மேய்க்கும் மக்கள் எந்தப் பக்கத்தோடு சேர்ந்து வாழ்கிறார்கள் என்று பார்த்துப் போட்டது அது. செங்கடல் ஓரம் ஹலாயிப் பகுதி சூடான் நிர்வாகத்துக்குப் போனது, உள்ளே பிர் தவீல் என்ற வறண்ட துண்டு எகிப்து நிர்வாகத்துக்கு வந்தது. இன்று எகிப்து 1899 கோட்டைப் பிடித்துக்கொள்கிறது, சூடான் 1902 கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பேருக்கும் ஹலாயிப் வேண்டும். பிர் தவீலை இரண்டு பேருமே கேட்பதில்லை. கேட்டால் மற்றக் கோட்டை ஒத்துக்கொண்டதாகிவிடும். இதை வகுப்பில் வரைந்து காட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

சரி, ஏன் அழிக்கவில்லை? 1963இல் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கிய அதே வருஷம் மொரோக்கோவும் அல்ஜீரியாவும் பாலைவன எல்லைக்காகச் சண்டை பிடித்தன. சோமாலியா தன் அயல் நாடுகளில் இருக்கும் சோமாலியர் நிலத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கோட்டைத் திறந்தால் எல்லாக் கோட்டையும் திறக்க வேண்டி வரும் என்று மற்றத் தலைவர்கள் பயந்தார்கள். 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடி, சுதந்திரம் கிடைத்த அன்று இருந்த எல்லையை மதிக்கிறோம் என்று தீர்மானம் எடுத்தார்கள். மொரோக்கோவும் சோமாலியாவும் அதை ஏற்கவில்லை.

அந்தப் பயம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்கள் கோழைகள் அல்ல. எல்லையைத் திருத்தப் போய் எத்தனை ஊர் எரிந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. மாலியும் புர்கினா பாசோவும் ஒரே பிரெஞ்சு ஆட்சிக்குள் இருந்த நிர்வாகப் பிரிவுகள். 1985 டிசம்பரில், கிறிஸ்மஸ் நேரத்தில், அகாச்சர் என்ற ஒடுங்கிய நிலத்துக்காகச் சில நாள் சண்டை நடந்தது. 1986இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் பழைய பிரெஞ்சு நிர்வாகக் காகிதங்களையும் வரைபடங்களையும் பிரித்துவைத்துப் பார்த்து, நிலத்தை ஏறக்குறையச் சமமாகப் பிரித்தது. இரண்டு நாடும் ஏற்றுக்கொண்டன. ஆகவே அந்தக் காகிதத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில் வெட்கம் இல்லை டீச்சர். துப்பாக்கிக்குக் காகிதம் எவ்வளவோ மேல்.

ஆனால் காகிதத்துக்கும் கண் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு முறை பெரிய மழையில் மண் சரிந்து ஓடை இடம் மாறிவிட்டது. பழைய பிளானில் ஓடைதான் எல்லை. இரண்டு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமாரும் ஆளுக்கொரு ஓடையைக் காட்டினார்கள். சர்வேயர் ஐயா யார் பேச்சையும் காதில் வாங்காமல், மேலே இருந்த கல்லில் இருந்து அளந்துகொண்டு வந்து ஓர் இடத்தில் நின்று தோண்டச் சொன்னார். தேயிலை வேருக்குள் பாசி மூடிக் கிடந்தது எல்லைக்கல். கத்தியால் சுரண்டினேன். தலையில் உளியால் வெட்டிய குறி தெரிந்தது. தகராறு அன்றைக்கே தீர்ந்தது. இரண்டு ஓடைக்கும் நடுவில் லீக்ஸ் போட்டிருந்த லயத்துக் குடும்பத்தைப் பற்றிப் பிளானில் ஒரு வரி இல்லை. அவர்களை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

பொட்ஸ்வானாவும் நமீபியாவும் சோபே ஆற்றில் ஒரு சின்னத் தீவுக்காகப் போன வழக்கும் இதே கதைதான். 3.5 சதுர கிலோமீட்டர், வருஷத்தில் சில மாதம் தண்ணீருக்கு அடியில். ஆற்றின் பிரதான கால்வாய்தான் எல்லை என்று பிரித்தானியாவும் ஜெர்மனியும் எழுதிய அந்த 1890 ஒப்பந்தம் சொல்கிறது. தீவைச் சுற்றி ஆறு இரண்டாகப் பிரிகிறது, எது பிரதானம்? நீதிமன்றம் ஆழம், அகலம், நீரோட்டம் எல்லாம் பார்த்து வடக்குக் கால்வாய்தான் என்று 1999இல் தீர்ப்புச் சொன்னது. தீவு பொட்ஸ்வானாவுக்குப் போனது. மசுபியா மக்கள் நமீபியா பக்கம் இருந்து வந்து அங்கே பயிர் செய்ததை நமீபியா எடுத்துச் சொன்னது. அதனால் நாட்டுக்கு உரிமை வராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் இரண்டு நாட்டுப் படகுகளும் இரண்டு கால்வாயிலும் ஒரே மாதிரி நடத்தப்பட வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஒரு வரிக்காக அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன்.

பிள்ளைகளுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது எத்தியோப்பியா, எரித்திரியா கதை. எரித்திரியா இத்தாலியிடம் இருந்தது, பிறகு எத்தியோப்பியாவோடு சேர்ந்தது, 1993இல் வாக்கெடுப்பு நடத்தித் தனி நாடானது. 1998இல் பத்மே என்ற சின்ன ஊரில் தொடங்கிய சண்டை 2000 வரைக்கும் போனது. பல பத்தாயிரம் பேர் செத்தார்கள். 1902 ஒப்பந்தத்தில் ஓர் ஓடையின் பெயர் இருக்கிறது. அது எந்த ஓடை என்பதிலேயே குழப்பம். 2002இல் எல்லை ஆணைக்குழு பத்மே எரித்திரியா பக்கம் என்று சொன்னது. எத்தியோப்பியா முழு மனதாக ஏற்க 2018 ஆனது.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறு விஷயத்தில். அந்தச் சண்டைக் காலத்தில் எத்தியோப்பியா தன் நாட்டில் இருந்த எரித்திரிய வம்சாவளி மக்கள் சுமார் 75,000 பேரை நாடு கடத்தியது. பலரின் குடியுரிமையையும் பறித்தது. 1993 வாக்கெடுப்பில் நீ பெயர் பதிந்தாய், ஆகவே நீ எரித்திரியன் என்றார்கள். பிறந்தது, கடை வைத்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அடிஸ் அபாபாவில். எரித்திரியாவும் எத்தியோப்பியரை வெளியேற்றியது.

மலையகத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியது இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நம் தாத்தாவிடம் என்ன கேட்டது? அப்பா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி, இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி. லயத்தில் யாரிடம் இருந்தது அது? கெய்ரோவில் ஆபிரிக்கத் தலைவர்கள் கூடிய அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, இலங்கையும் இந்தியாவும் எழுதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. இங்கே கோடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆட்களை நகர்த்தினார்கள்.

அதனால் நான் எந்த எல்லைத் தீர்ப்பைப் படித்தாலும் நிலம் யாருக்குப் போனது என்று பார்த்துவிட்டு மூடுவதில்லை. அங்கே குடியிருந்த சனத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தேடுவேன்.

மஸ்கெலியா மைந்தன்:

ஐயா, வாசித்து முடிக்கும்போது மனது கனத்துவிட்டது. எங்கள் பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் போய் இன்று கூடலூரில் இருக்கிறது. அப்பாவும் அவரும் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஒரு கேள்வி. சனத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால், கெய்ரோ தீர்மானத்தை நீங்கள் எப்படி நியாயம் என்கிறீர்கள்? சோமாலியரை எடுங்கள். ஒரே மொழி, ஒரே மதம். பிரித்தானியர் ஒரு துண்டு, இத்தாலியர் ஒரு துண்டு, ஜிபூட்டி பிரெஞ்சுக்காரரிடம், ஒகாடென் எத்தியோப்பியாவில், இன்னொரு துண்டு கென்யாவில். அவர்கள் கொடி நட்சத்திரத்தின் ஐந்து முனையும் அதுதானே? அவர்கள் கேட்டது பிழையா?

அப்புறம் நைஜீரியா, கமரூன் சண்டையில் மாட்டிய மீனவர்களுக்கு என்ன நடந்தது?

பழைய சங்கிலி:

தம்பி, கேட்டது பிழை இல்லை. கேட்ட விதம்தான் சனத்தைக் கொன்றது. 1977இல் சோமாலியா ஒகாடெனுக்குள் படையை அனுப்பியது. சோவியத் யூனியனும் கியூபாவும் எத்தியோப்பியா பக்கம் நின்றன. 1978 மார்ச்சில் சோமாலியப் படை பின்வாங்கியது. சண்டையில் அகப்பட்ட சோமாலியர் லட்சக்கணக்கில் அகதியானார்கள். யாருக்காகப் போனார்களோ அந்த ஆட்களே நடுத்தெருவுக்கு வந்தார்கள். கோடு அங்கேயே இருக்கட்டும், கோட்டைத் தாண்டி ஆடு மேயவும் கல்யாணம் முடிக்கவும் மீன் விற்கவும் விடு என்பதுதான் என் கட்சி.

நீங்கள் கேட்கும் இடம் பக்காசி. சதுப்புநிலத் தீபகற்பம், இருந்தவர்களில் அதிகம் பேர் நைஜீரியாவைச் சேர்ந்த மீனவர்கள். 1994இல் கமரூன் வழக்குப் போட்டது. 1884இல் பழைய கலபார் தலைவர்கள் பிரித்தானியாவிடம் பாதுகாப்புத்தான் கேட்டார்கள், நிலத்தைக் கொடுத்துவிடும் உரிமையைக் கொடுக்கவில்லை என்று நைஜீரியா வாதாடியது. எனக்கு அந்த வாதம் வலுவானதாகத்தான் பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரித்தானியாவும் ஜெர்மனியும் எழுதிய 1913 ஒப்பந்தப்படி பக்காசி கமரூனுடையது என்று 2002இல் தீர்ப்பு. 2006இல் கிரீன்ட்ரீ என்ற இடத்தில் இரண்டு நாடும் உடன்பாடு எழுதின, 2008இல் கைமாற்றம் முடிந்தது.

அந்த உடன்பாட்டைத் தேடிப் படியுங்கள். அங்கே இருக்கும் நைஜீரியரைப் போகச் சொல்லியோ குடியுரிமையை மாற்றச் சொல்லியோ வற்புறுத்தக் கூடாது, அவர்கள் மொழியையும் பழக்கத்தையும் மதிக்க வேண்டும், வரி விதிப்பில் ஓரவஞ்சனை கூடாது, மீன்பிடிப்பைத் தடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. சொன்னபடி எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நிறையப் பேர் வீட்டை விட்டு நைஜீரியாவுக்குப் போய் அல்லல்பட்டார்கள். ஆனால் எழுத்தில் இருந்தது, அதைக் காட்டிக் கேட்க முடிந்தது. உங்கள் பெரியப்பாவிடம் அப்படிக் காட்ட ஒரு வரி இருந்ததா?

ஹட்டன் டீச்சர்:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு பாடவேளைக்குப் போதும். கடைசியாக ஒன்று: இன்னும் தீராத ஒரு தகராறு சொல்லுங்கள். பிள்ளைகளைப் பிரித்து விவாதம் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய சங்கிலி:

மலாவி ஏரியை எடுங்கள் டீச்சர். தன்சானியாவில் நியாசா ஏரி என்பார்கள். அதே 1890 ஒப்பந்தம் எல்லையை ஏரியின் கிழக்குக் கரையில் போட்டுவிட்டது. அப்படியானால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க மலாவிக்கு. கரையில் குடியிருக்கும் தன்சானிய மீனவன் காலை நனைத்தால் அடுத்த நாடு. எல்லை ஏரியின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பது தன்சானியாவின் வாதம். மலாவி கெய்ரோ தீர்மானத்தைக் காட்டுகிறது. 2012இல் எண்ணெய் தேடும் பேச்சு வந்ததும் தகராறு மறுபடி சூடானது, மொசாம்பிக்கின் முன்னாள் ஜனாதிபதி சிசானோ தலைமையில் சமரசம் பேசினார்கள், முடிவு வரவில்லை.

ஒரு குழு மலாவி, ஒரு குழு தன்சானியா. மூன்றாவது குழுவை ம்பம்பா பே கரையில் வலை போடும் மீனவர்களாக வையுங்கள், அவர்களையே முதலில் பேச விடுங்கள். 1890 ஒப்பந்தத்தில் அந்த ஏரிப் பகுதியின் வாசகம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தமிழில் எழுதி இங்கேயே போடுகிறேன்.