அவசரம்: 8 ஜிபி ராம் வாங்கினேன், லேப்டாப்பில் உட்கார மாட்டேன் என்கிறது

காப்பித்தோட்டம் (இரவு 9.12)
லேப்டாப்புக்கு 8 ஜிபி ராம் வாங்கி வந்தேன். உள்ளே போகவில்லை. லேப்டாப் ராம் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித்தான் சேலத்துக் கடையில் கொடுத்தார்கள். இன்னும் அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தோட்டத்துச் சம்பளக் கணக்கு சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலுரோடு (9.15)
அழுத்தாதீர்கள். என்ன மாடல்?

மாம்பழம்636 (9.21)
ஏற்காடா? அப்படியென்றால் ஈரம்தான் காரணம். பனிமூட்டத்தில் ராமின் ஓரத்துப் பின்கள் எல்லாம் கறுத்துப்போகும். பென்சில் ரப்பரால் தங்க நிறப் பகுதியை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள். எனக்கு மூன்று முறை கைகொடுத்திருக்கிறது.

காப்பித்தோட்டம் (9.24)
கறுப்பு லேப்டாப். இன்டெல் ஐ3 சிப். வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும்.

பழைய_மதர்போர்டு (9.30)
கறுப்பு லேப்டாப்! நிறத்தை வைத்து ராம் சொல்ல நான் ஜோசியர் இல்லை. ஐ3 என்ற பெயர் 2010 முதல் இருக்கிறது. சிப் எந்தத் தலைமுறை, வாங்கிய ராம் எந்த வகை, டிடிஆர் எத்தனை, பழையது என்ன, எத்தனை ஸ்லாட்? இதைக்கூடப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்களுக்காக எத்தனை முறைதான் எழுதுவது?

செவ்வாய்ப்பேட்டை (9.34)
ராமே வேண்டாம் அண்ணா. அந்த வயது லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். அதற்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள், பறக்கும்.

பழைய_மதர்போர்டு (9.37)
கேட்டது ராம்.

செவ்வாய்ப்பேட்டை (9.38)
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல இது என்ன தாலுகா ஆபீஸா?

காப்பித்தோட்டம் (9.52)
மன்னிக்கவும், கரண்ட் போய் வந்தது. செட்டிங்ஸில் ஐ3-6006யூ என்று இருக்கிறது. புது ராமில் டிடிஆர்4, 2400 என்று அச்சடித்திருக்கிறது.

பழைய_மதர்போர்டு (9.55)
ஆறாம் தலைமுறை. அப்படியானால் டிடிஆர்4 சரிதான். திருப்பிப் பிடித்துச் செருகுகிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

நாலுரோடு (10.03)
சார், இந்த ஒரு சிப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 6006யூ டிடிஆர்4-2133ஐயும் ஏற்கும், டிடிஆர்3எல்-1600ஐயும் ஏற்கும் (எல் என்றால் குறைந்த வோல்ட் டிடிஆர்3, கடைசி எண் வேகம்). எந்த ஸ்லாட் வைப்பது என்பது லேப்டாப் செய்த கம்பெனியின் முடிவு. சிப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டிடிஆர்3 லேப்டாப் ராமில் 204 பின், டிடிஆர்4இல் 260. நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில் வரும். எப்படித் திருப்பினாலும் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது.

காப்பித்தோட்டம், டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி பாருங்கள். ஸ்பீடு 1600 என்றால் பெரும்பாலும் டிடிஆர்3எல். 2133 என்றால் டிடிஆர்4. எத்தனை ஸ்லாட் என்பதும் அங்கேயே இருக்கும். பழைய ராமின் ஸ்டிக்கரில் இருக்கிற எழுத்தையும் அப்படியே எழுதுங்கள்.

மாம்பழம்636 (10.07)
எதற்கும் ஒருமுறை ரப்பர் போட்டுப் பார்க்கலாமே.

பழைய_மதர்போர்டு (10.09)
ரப்பர் தேய்த்தால் தங்கப் பூச்சு போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு. எத்தனை முறை சொன்னாலும் இந்த ரப்பர் வைத்தியம் ஒழியாது போலிருக்கிறது.

மாம்பழம்636 (10.12)
பத்து வருடமாகத் தேய்க்கிறேன், தங்கம் அப்படியே இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள், அலமாரியில் இருக்கிற செருப்பே பூத்துப்போகும்.

செவ்வாய்ப்பேட்டை (10.13)
செருப்புக்கும் ராமுக்கும் என்ன சம்பந்தம்?

காப்பித்தோட்டம் (10.31)
1600. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. பழையது 4 ஜிபி, பிசி3எல்-12800எஸ் என்று இருக்கிறது.

நாலுரோடு (10.36)
பிசி3எல் என்றால் டிடிஆர்3எல்தான். புதியதை அது வந்த பெட்டியோடு கொண்டுபோய் மாற்றுங்கள். கேட்கும்போது ‘எல்’ என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள். எல் இல்லாத சாதாரண டிடிஆர்3 ராமும் உங்கள் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் அது 1.5 வோல்ட். உங்களுக்கு வேண்டியது 1.35. சரியாகப் பொருந்தினாலும் அதைப் போடாதீர்கள். பழைய ராமைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சே வேண்டாம். கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

போடும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். சாய்வாகச் செருகி, அப்புறம் கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று பிடிக்கும்.

பழைய_மதர்போர்டு (10.41)
ஆறாம் தலைமுறையில் பெரும்பாலானவை டிடிஆர்4 என்ற பொருளில்தான் சொன்னேன்.

செவ்வாய்ப்பேட்டை (10.42)
ம்.

மாம்பழம்636 (10.50)
இதற்காக இன்னொரு முறை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டுமா! மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாகப் போங்கள்.

நாலுரோடு (10.52)
பஸ்ஸில் போகிறவரிடம் வழியைச் சொல்கிறீர்களே.

காப்பித்தோட்டம் (வெள்ளி, மாலை 6.20)
மாற்றிக் கொடுத்தார்கள். 12 காட்டுகிறது. நன்றி.

செவ்வாய்ப்பேட்டை (6.33)
ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

மாம்பழம்636 (7.05)
பின்னைத் தேய்த்துவிட்டுத்தானே போட்டீர்கள்?