மறு: போர்க்கப்பலின் வெண்கல மூக்குக்கு ஒரு சொல் – ‘தகர்முனை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எதிரிக் கப்பலை இடிப்பதற்காகப் பழங்காலப் போர்க்கப்பலின் முன்னால் பொருத்திய வெண்கல மூக்குக்கு (ஆங்கிலத்தில் ram) ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். குத்துமுனை, அலகு, முட்டுமுனை என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் நான் எழுதும் ஓவியப் படக்குறிப்பில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: வில்ஹெல்ம் ஃபான் கௌல்பாக் 1868-இல் முடித்த சலாமிஸ் கடற்போர் ஓவியம் மியூனிக் நகரின் மாக்ஸிமிலியனேயும் மாளிகையில் இருக்கிறது. கி.மு. 480-இல் கிரேக்கருக்கும் பாரசீகருக்கும் நடந்த போர் அது. பாரசீகர் பக்கம் நின்ற ஹாலிகார்னாசஸ் அரசி ஆர்ட்டெமிசியா ஓவியத்தில் வில்லை வளைத்துக் கிரேக்கர்மேல் அம்பு விடுகிறாள். ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதையில் அவளைக் காப்பாற்றியது வில் இல்லை, கப்பலின் மூக்கு. ஏதென்ஸ் கப்பல் ஒன்று துரத்தி வருகிறது. முன்னால் அவள் அணியின் கப்பல்களே வழியை அடைத்து நிற்கின்றன. தன் அணியைச் சேர்ந்த கலிண்டா நகரத்துக் கப்பலையே அவள் இடித்து மூழ்கடித்தாள். துரத்தியவன், இது நம் பக்கத்துக் கப்பல்போல என்று விலகிப் போனான். மேட்டிலிருந்து பார்த்த பாரசீகப் பேரரசன் செர்க்சீஸோ, எதிரிக் கப்பலை முடித்துவிட்டாள் என்று மெச்சினான். இந்தக் கதையைச் சொல்லாமல் அந்தப் பெண்ணை வாசகருக்கு அறிமுகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘குத்துமுனை’ என்றவுடன் ஈட்டிபோல ஒன்று கண்முன் வருகிறது. பொருள் அப்படி இல்லை. 1980-இல் இஸ்ரேல் நாட்டு அத்லித் கடற்கரையருகே நீருக்கடியில் கிடைத்த கப்பல் மூக்கைப் பாருங்கள். சலாமிஸுக்குப் பிந்தைய காலத்ததுதான், ஆனாலும் வேலை அதே வேலை. 465 கிலோ வெண்கலம். அணியத்தின் (கப்பலின் முன்பகுதி) அடியில், நீர்மட்டத்தில், மரத்தின்மேல் உறைபோலப் பொருத்தியது. முன்பக்கம் கூராகவே இல்லை. தட்டையான மூன்று பட்டைகள் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. கூராக இருந்தால் எதிரிக் கப்பலுக்குள் செருகிக்கொண்டு நம் கப்பலும் மாட்டிக்கொள்ளும். மழுங்கலாக இருந்தால்தான் அடித்த வேகத்தில் பலகைகளின் இணைப்பு விட்டுப்போகும். நாமும் உடனே பின்வாங்கலாம். ஆக, இது துளைக்கிற கருவி இல்லை, தகர்க்கிற கருவி.

‘அலகு’ லத்தீன் வழி வந்த யோசனை (லத்தீனில் இந்த மூக்கைப் பறவையின் அலகு என்றே சொல்வார்கள்), அழகான சொல். ஆனால் அறிவியல் பாடத்தில் அது அளவை அலகாக உட்கார்ந்துவிட்டது, இனி எழுப்ப முடியாது. ‘முட்டுமுனை’ எனக்குப் பிடித்திருக்கிறது. முட்டுக்கொடுக்கும் கட்டை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்பதுதான் தயக்கம்.

என் பரிந்துரை ‘தகர்முனை’. தகர் என்றால் ஆட்டுக்கிடா. குறளில் ஊக்கமுடையவன் அடங்கியிருப்பதற்கு உவமையாக வருவது இந்தப் ‘பொருதகர்’தான், தாக்குவதற்காகவே பின்வாங்குகிற கிடா. கிடாமுட்டு பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிடா கொம்பு நுனியால் குத்துவதில்லை. கொம்பு பின்னால் சுருண்டுதானே இருக்கிறது! நாலடி பின்னே போய், தலையைத் தாழ்த்தி, ஓடிவந்து நெற்றியால் இடிக்கும். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் இறங்கும். சலாமிஸிலும் கிரேக்கர் முதலில் துடுப்பைப் பின்னோக்கி வலித்துக் கரைப்பக்கம் ஒதுங்கினார்கள், அப்புறம்தான் முதல் கப்பல் பாய்ந்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு இந்தக் குறள்தான் நினைவுக்கு வந்தது. உடைத்தல் என்ற பொருளும் அதே ஒலிக்குள் கிடைப்பது நமக்குக் கூடுதல் பேறு.

> தகர்முனையை வினைத்தொகையாகக் கொண்டால் தகர்ந்துபோன முனை என்றாகிவிடாதா?

உங்களில் ஒருவர் எழுப்பிய நியாயமான கேள்வி இது. தகர்தல் தன்வினை, தகர்த்தல் பிறவினை. வினைத்தொகையாகப் பிரித்தால் நீங்கள் சொல்வதுதான் வரும். ஆனால் நான் பெயராகத்தான் கொள்கிறேன். தகர் போன்ற முனை, உவமைத்தொகை. மலரடி, கயல்விழி எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன? அகராதியில் சேர்க்கும்போது ‘தகர் – ஆட்டுக்கிடா’ என்று பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

வினைச்சொல்லுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். ‘மோதினாள்’ என்றால் பேருந்து விபத்துபோல ஆகிறது. ‘முட்டித் தகர்த்தாள்’ என்றே எழுதலாம். மூன்று நிரைத் துடுப்புகளுடைய கப்பலுக்கு முந்நிரைக்கலம் என்று முந்தைய இழையில் ஒத்துக்கொண்டதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

குறிப்பில் போட்டுப் பார்த்த வரி இது. ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்:

“வில்லேந்தி நிற்பவள் ஆர்ட்டெமிசியா. ஏதென்ஸ் கப்பல் நெருங்கி வர, தன் முந்நிரைக்கலத்தின் தகர்முனையால் கூட்டணிக் கப்பலொன்றை முட்டித் தகர்த்து, அதனாலேயே தப்பியவள்.”