மாற்றாத ஃபைலுக்கும் 'கான்ஃப்ளிக்ட்' வருகிறது

மூன்று வாரமாகப் போராடுகிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் உள்ள போட்டோ, டாக்குமென்ட் ஃபோல்டர்களை (மொத்தம் 180 ஜிபி) 500 ஜிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு இருவழி சிங்க் (ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் மாறும்படி) செய்து வைத்திருக்கிறேன். டிஸ்க் பழசு, ஃபேட்32 ஃபார்மேட் (ஃபைல்களைப் பதிந்து வைக்கும் பழைய முறை).

ஒவ்வொரு முறை சொருகும்போதும், சிங்க் மென்பொருள் நான் தொடவே தொடாத ஃபைல்களை "இரண்டு பக்கமும் மாறியிருக்கிறது" என்கிறது. ஒரே போட்டோவுக்கு மூன்று நகல் சேர்ந்துவிட்டது.

கேபிள், போர்ட் மாற்றினேன். செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடும் கருவி) ஓட்டினேன், பிழை இல்லை. சிங்க் டேட்டாபேஸை (போன தடவை ஃபைல்கள் இருந்த நிலையைக் குறித்து வைக்கும் பதிவு) அழித்துப் புதிதாகத் தொடங்கினேன். முதல் தடவை சுத்தம், இரண்டாம் தடவை பழைய கதை. சந்தேகப்பட்ட பத்து ஃபைலுக்கு ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துப் பார்த்தேன், இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே.

நேற்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. லேப்டாப்பில் மாற்றிய நேரம் 10:42:17 என்று இருக்கும் ஃபைல், டிஸ்க்கில் 10:42:18. மற்றவற்றையும் புரட்டினேன்: டிஸ்க்கில் உள்ள நொடிகள் அத்தனையும் இரட்டைப்படை! ஃபேட்32 மாற்றிய நேரத்தை 2 நொடிக் கணக்கில்தான் பதிகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. நேரத்துக்குப் பதில் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடச் சொன்னால் சரியாக வருகிறது, ஆனால் ராத்திரி முழுக்க ஓடுகிறது.

சிங்க் செட்டிங்கில் நேர வித்தியாசத்துக்கு 2 நொடி சலுகை கொடுத்தால் போதுமா, இல்லை டேட்டாவை வேறிடம் மாற்றிவிட்டு டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட்) ஆக்குவதுதான் வழியா?