கோத்தகிரியில் புதுத் தொட்டி: மீன் சாகாமல் தொடங்குவது எப்படி?

மலைக்கொழுந்து:
வணக்கம். வீட்டுக்கு 2×1×1 அடி கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். மணலும் கல்லும் போட்டது போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. கூடவே தொங்கவிடும் ஃபில்டர், 50 வாட் ஹீட்டர். ஹாலில் விடிகாலையில் 13 டிகிரி, மதியம் 19. குழாய்த் தண்ணீரைச் சோதித்ததில் பி.ஹெச். (அமில-காரத் தன்மை) 6.6, கே.ஹெச். (கார்பனேட் கடினத்தன்மை) 1, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 60. சில நாள் பிளீச்சிங் வாடை அடிக்கிறது. கடையில் "ரெண்டு நாள் ஃபில்டர் ஓடட்டும், அப்புறம் மீன் விடுங்க" என்றார்கள். மேட்டுப்பாளையத்தில் கப்பி, மோலி, நியான் டெட்ரா எல்லாம் சேர்த்து 15 வாங்க எண்ணம். பக்கத்து வீட்டில் இதே முறையில் விட்டார்கள், பத்து நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எந்த இடத்தில் தவறுகிறது? எதை முதலில் செய்ய வேண்டும்?

அயிரை:
அந்த "ரெண்டு நாள்"தான் தவறு. ஃபில்டர் ஓடினால் தண்ணீர் தெளியும், அவ்வளவுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்னால் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் குடியேறியிருக்க வேண்டும். அதற்கு 27 டிகிரியில் 4 முதல் 6 வாரம் ஆகும். 18 டிகிரியில் அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். சமவெளியில் சொல்லும் நாள்கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மீன் இல்லாமலே பாக்டீரியாவை வளர்த்துவிடுங்கள். ஹீட்டரை 27-இல் வையுங்கள். ஆய்வகத் தரத்தில் அம்மோனியம் குளோரைடு 10 கிராம் வாங்கி 500 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் பெயரளவில் இதுதான், ஆனால் அதில் வேறென்ன கலந்திருக்கும் என்று தெரியாது, வேண்டாம். அந்தக் கரைசலில் 16 மி.லி. ஊற்றினால் உங்கள் 50 லிட்டரில் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். 0.5-க்குக் கீழே இறங்கியதும் மறுபடி 16 மி.லி. நடுவில் நைட்ரைட் ஏறி நாள்கணக்கில் இறங்காமல் நிற்கும். அவசரப்படாதீர்கள், இரண்டாம் வகை பாக்டீரியா மெதுவாகத்தான் வரும்.

ஊற்றிய 16 மி.லி.யும் 24 மணி நேரத்தில் அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று காட்டினால் தொட்டி தயார். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றி, மறுநாள் மீன் விடலாம்.

ஆறு மாதமாவது நோயில்லாமல் ஓடும் தொட்டி யாரிடமாவது இருந்தால் அவர்களின் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். ஈரம் காயாமல், அன்றைக்கே. காத்திருக்கும் நாள் பாதிக்கு மேல் குறையும். பாட்டிலில் விற்கும் எந்தக் கரைசலையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

குளோரினுக்கு: சோடியம் தயோசல்பேட், கடையில் ஹைப்போ என்பார்கள். 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, 10 லிட்டர் வாளிக்கு 1 மி.லி. வாடை பலமாக இருந்தால் 2 மி.லி. வாளியில் கலந்த பிறகுதான் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். குளோரின் பட்டால் வளர்த்த பாக்டீரியாவும் போய்விடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து அலசக் கூடாது என்பதும் இதனால்தான். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

எடப்பள்ளிக்காரன்:
அயிரை சொன்னதோடு ஹீட்டர் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "லிட்டருக்கு ஒரு வாட்" என்பது அறை 22 டிகிரி இருக்கும் ஊருக்கு. உங்கள் ஹாலில் விடிகாலை 13 என்றால், தொட்டியை 26-இல் பிடித்து வைக்கவே ஏறக்குறைய 60 வாட் இடைவிடாமல் வேண்டும். 50 வாட் ராத்திரி முழுக்க எரிந்தும் தோற்கும். இப்படித் தினமும் வெப்பம் ஏறி இறங்கினால் அடுத்து வருவது வெள்ளைப்புள்ளி நோய். 75 வாட்டில் இரண்டு வாங்கி, இரண்டு ஓரத்திலும் வையுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் சட்டென்று கொதிநிலைக்குப் போகாது. மேலே கண்ணாடி மூடி, பின்பக்கமும் அடியிலும் தெர்மோகோல். மூடி இல்லாவிட்டால் சூடு பெரும்பாலும் மேல்வழியாகத்தான் போகும்.

உயரத்தை மறக்காதீர்கள். நம் ஊரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 26 டிகிரி தண்ணீரில் கீழே லிட்டருக்கு 8 மி.கி. ஆக்சிஜன் கரையும் என்றால் இங்கே ஆறரைதான். அதனால் தொங்கு ஃபில்டர் மட்டும் போதாது, ஏர் பம்ப்போடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போடுங்கள். நம் பாக்டீரியாவுக்கும் அதே ஆக்சிஜன்தான் மூச்சு.

ஆனி, ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கரண்ட் போனதும் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, காற்று போக மேலே ஓரத்தில் இடம் விடுங்கள். தீனி போடக் கூடாது. நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நின்ற தொங்கு ஃபில்டரை அப்படியே ஓடவிட்டால், உள்ளே அழுகிய தண்ணீர் நேரே மீன் மேல் வரும். முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

மலைக்கொழுந்து:
இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். கே.ஹெச். 1 என்பது பிரச்சினையா? ஆப்ப சோடா போட்டால் பி.ஹெச். ஏறும் என்கிறார்களே, மீன் விட்ட பிறகு போடலாமா? தண்ணீர் மாற்றும்போது கீசர் தண்ணீரைக் கலந்துகொள்ளலாமா?

கிளிஞ்சல்:
இதைச் சரியாகக் கேட்டீர்கள். மலைத் தண்ணீரில் பாதி சாவு இந்த இடத்தில்தான் நடக்கிறது.

அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா கார்பனேட்டைத் தின்று தீர்க்கும். 16 மி.லி. ஊற்றும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.7 டிகிரி கே.ஹெச். காலியாகும். உங்களிடம் இருப்பதே 1. இரண்டாம் முறையில் அது தீர்ந்து பி.ஹெச். 6-க்குக் கீழே விழும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். மூன்றாம் வாரம் அம்மோனியா அப்படியே நிற்கிறதே என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஆப்ப சோடா 1.5 கிராம் போட்டால் 50 லிட்டரில் கே.ஹெச். ஒரு டிகிரி ஏறும். இப்போது, மீன் இல்லாதபோது, 4.5 கிராம் போட்டு 4-க்குக் கொண்டுவாருங்கள். சலவை சோடா வேறு பொருள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பிறகு கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் அது மெல்லக் கரைந்து தாங்கிப் பிடிக்கும்.

மீன் இருக்கும்போது, அதுவும் அம்மோனியா இருக்கும்போது, சோடா போடவே கூடாது. பி.ஹெச். 6.5-இல் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவாக விஷமில்லாத அம்மோனியம் வடிவில் கிடக்கிறது. பி.ஹெச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் விஷ வடிவம் பத்து மடங்கு ஆகும். சாயங்காலம் சோடா போட்டு, காலையில் எல்லாம் மிதக்கும். முதலில் தண்ணீரை மாற்றி அம்மோனியாவை 0-க்குக் கொண்டுவந்து, அதன் பிறகே சிறுகச் சிறுக.

கீசர் தண்ணீர் வேண்டாம். பல கீசர்களில் உள்ளே செம்புக் குழாய். தண்ணீர் எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்குச் செம்பின் விஷம் மீனைத் தாக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். 14 டிகிரி தண்ணீர் எட்டரை லிட்டரோடு, கொதித்தது ஒன்றரை லிட்டர் கலந்தால் 10 லிட்டர் வாளி 26-க்கு வரும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அரைமணி நேரம் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பின் குமிழிக் கல்) ஓடவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரை அப்படியே 10 லிட்டர் ஊற்றினால் தொட்டி ஒரே நிமிடத்தில் இரண்டரை டிகிரி இறங்கும்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஊற்று, ஓடைத் தண்ணீரையும் தொடாதீர்கள். மருந்தடித்த வாரத்தில் என்ன கலந்து வருகிறது என்று எந்த கிட்டும் காட்டாது.

அயிரை:
மீன் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லை. மோலியை விட்டுவிடுங்கள், அது கடினத் தண்ணீர் மீன். டி.டி.எஸ். 60-இல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு கிடந்து சாகும். கப்பியும் கீழே போர் தண்ணீரில் வளர்ந்ததாக இருக்கும், அதற்கும் சிரமம். உங்கள் தண்ணீருக்கு டெட்ரா, ராஸ்போரா, செர்ரி பார்ப் பொருந்தும். ஆனால் நியானை முதலில் விடாதீர்கள், தொட்டிக்கு மூன்று மாதமாவது ஆகட்டும். ஹீட்டர் செலவு வேண்டாம் என்றால் ஜீப்ரா டேனியோ, வொயிட் கிளவுட் மின்னோ. இரண்டும் 18 டிகிரியில் சுகமாக இருக்கும், ஆனால் 13-க்கு இறங்க விடக்கூடாது, ஒரு ஹீட்டரை 18-இல் வைத்தால் போதும். தங்கமீன் குளிர் தாங்கும், ஆனால் 50 லிட்டர் அதற்குப் போதாது.

பதினைந்தையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் ஆறு. முதல் வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். எதிலாவது 0.5 தெரிந்தால் 15 லிட்டர் மாற்றி, அன்று தீனியை நிறுத்துங்கள். நைட்ரைட் என்றால் 25 கிராம் கல் உப்பையும் கரைத்து ஊற்றுங்கள், அது செவுள் வழியாக நைட்ரைட் இரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். இரண்டு வாரம் இரண்டுமே 0 என்றால் அடுத்த ஆறு.

எடப்பள்ளிக்காரன்:
மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவரும்போது பையை தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடுங்கள். மலை ஏற ஏற பை உப்பும், அதனால் காற்றைக் கொஞ்சம் குறைவாக அடிக்கச் சொல்லுங்கள். வந்ததும் தொட்டியில் அரைமணி மிதக்கவிட்டு, பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர், முக்கால் மணி நேரம். கீழ்த் தண்ணீருக்கும் நம் தண்ணீருக்கும் டி.டி.எஸ். வித்தியாசம் அவ்வளவு. பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பை என்றால் முறை வேறு. பத்து மணி நேரத்துக்கு மேல் மூடிக் கிடந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து பி.ஹெச். இறங்கியிருப்பதால் மீன் உயிரோடு இருக்கும். திறந்து வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் டம்ளர் கணக்கில் ஊற்றினால் அந்த வாயு வெளியேறி பி.ஹெச். ஏறும், கிளிஞ்சல் தன் பதிவில் சொன்ன அம்மோனியா விஷம் பைக்குள்ளேயே நடக்கும். அதற்கு மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்து, திறந்த உடனே மீனைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அன்று விளக்கு போடாதீர்கள், தீனி மறுநாள்.