புதுப்பிப்பு: தராசை விட்டு என்ன இலக்கு வைத்தேன்

"நாற்பது தாண்டியாச்சு, கடைசிவரை யார் தயவுமில்லாமல் நடமாட என்ன இலக்கு வைக்கலாம்?" என்று முன்பு கேட்டிருந்தேன். எடை பார்க்கும் தராசை விடு, பழக்கத்தைப் பிடி என்றவர்கள்தான் அதிகம். சரி, அப்படியே தொடங்கினேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. வேலை முடிந்து கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவில் நடக்கிறேன். பேச முடியவேண்டும், பாட்டு வரக்கூடாது, அதுதான் வேகம். மழையென்றால் ஃபிளாட் படிக்கட்டு. மேல்மாடி அங்கிள் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்.

சாப்பாடுதான் பெரும்பாடு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடும் ஊறுகாயும் பக்கத்தில் இருந்தால் அது எங்கே நடக்கும்? கருவாடு இப்போது ஞாயிறு மட்டும். பிளேன்டீயில் சீனி இல்லை, ஒரு கடி பனங்கட்டி. (அதுவும் சீனிதான், தெரியும்.)

எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கிட்டத்தட்ட மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால் அவசரப்பட்டுப் பார்க்கவில்லை. 6.2 இருந்தது, இப்போது 5.9. டாக்டர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

அடுத்தது வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி. முழங்கால் வலியோடு செய்பவர்கள் யாராவது இருந்தால் எப்படித் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.