ஹகுயின் பாணி போதிதர்மர் ஓவியத்தில் மை பரவுகிறது

ஜப்பானின் ஹாரா ஊரில் ஷோயின்-ஜி ஆலயத்தின் தலைமைத் துறவியாக இருந்த ஜென் குரு ஹகுயின் (1686–1769), தாம் தீட்டிய போதிதர்மர் உருவங்கள் பலவற்றில் தடித்த மைக்கோடுகளுக்கு அடியில் முதலில் வரைந்த வெளிர் கோடுகளை மறைக்காமலே விட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலைப் பயில நான் மூன்று மாதங்களாக முயன்றும், வெளிர் கோட்டின் மேல் கறுப்பு மை பட்டவுடன் பரவி, இரண்டும் ஒன்றாகக் கலங்கிவிடுகின்றன.

நான் இருப்பது சென்னை. பயன்படுத்துவது பூச்சில்லாத ஷுவான் தாள் (மையை எளிதில் உறிஞ்சும் சீனத் தாள்), கல்லில் உரைத்த குச்சி மை, ஆட்டுமுடித் தூரிகை. தண்ணீரைக் குறைத்தேன், அடிக்கோட்டை ஒரு நாள் முழுவதும் உலரவிட்டேன். விறைப்பான தூரிகைக்கு மாறியபோது பரவல் சற்றுக் குறைந்தாலும், கோடு மெலிந்து போதிதர்மரின் முறைப்பே காணாமற்போயிற்று. கரித்துண்டால் அடிக்கோடு வரைந்தாலும் மேற்கோட்டின் விளிம்பு பிசிறுகிறது.

மை பரவாமலிருக்கத் தாளில் விலங்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசி வரைந்தவர்கள், சென்னையின் ஈரக்காற்றுக்கு எந்த விகிதம் பொருந்தியது என்று கூற முடியுமா?