மரச்செக்கு போட மானியக் கடன்: எங்கே தொடங்குவது?

கேள்வி: கிராமத்தில் மரச்செக்கு போட எண்ணம். மெஷின், ஷெட் எல்லாம் சேர்த்து 6 லட்சம் வரும். முதலில் யாரைப் பார்க்கணும்?

பதில் 1: மாவட்டத் தொழில் மையம். பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) மூலம் கிராமப்புறப் பொதுப்பிரிவுக்கு 25% மானியம், கைப்பணம் 10%. பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி என்றால் 35%, கைப்பணம் 5% போதும். நிலத்தின் விலையைத் திட்ட அறிக்கையில் சேர்க்காதீங்க, ஏத்துக்க மாட்டாங்க.

பதில் 2: முக்கியமானதை விட்டுட்டீங்களே. இது புதுத் தொழிலுக்கு மட்டும். அவசரப்பட்டு இப்பவே மெஷின் வாங்கி ஓட்டிட்டா மானியம் போச்சு. மானியமும் கைக்கு வராது. வங்கியில் 3 வருஷம் டெபாசிட்டாக இருந்து, பிறகு கடனில் கழியும்.

கேட்டவர்: உதயம் பதிவுக்கு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) ஒருத்தர் 2,000 ரூபாய் கேட்கிறாரே?

பதில் 1: கொடுக்காதீங்க! அரசுத் தளத்தில் இலவசம். ஆதார், பான் போதும்.

பதில் 3: 10 கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு 4 லிட்டர் சொச்சம்தான் எண்ணெய். புண்ணாக்கு விற்பனையையும் வரவில் காட்டுங்க. பருப்பு காயலைன்னா எண்ணெய் கலங்கி, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அறுவடை நேரத்தில் கடலை வாங்கி வைக்க நடைமுறை மூலதனமும் சேர்த்துக் கேளுங்க. பலர் மெஷினுக்கு மட்டும் கேட்டுட்டு அப்புறம் முழிப்பாங்க.